யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவை கிராஃப்ட்வெர்க்கின் ஜப்பானியப் பிரதி என்று சொல்லலாமா? அவர்களை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

பிரதி என்று சொல்வது தவறு என்பதே என் உறுதியான கருத்து. ஜெர்மானிய மின்னணு இசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் தாக்கம் இந்த ஜப்பானிய மூவர் குழுவிடம் உண்டு; அதை அவர்களே ஒப்புக்கொண்டவர்கள். ஆனால் 1978இல் ஹருவோமி ஹொசோனோ, ரியூச்சி சகாமோட்டோவையும் யுகிஹிரோ தகாஹாஷியையும் டோக்கியோவில் தம் வீட்டுக்கு அழைத்து முன்வைத்த திட்டத்தின் ஊற்று வேறு. 1950களில் ஹவாயில் புகழ்பெற்ற அமெரிக்கப் பியானோ கலைஞர் மார்ட்டின் டென்னி, கீழை நாடுகளைக் கற்பனையாகச் சித்திரிக்கும் உல்லாச இசையை வாசித்துவந்தார். அவருடைய ‘ஃபயர்கிராக்கர்’ என்ற இசையை எடுத்து, மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சின்தசைசர்களால் டிஸ்கோ தாளத்தில் வாசித்து உலகெங்கும் விற்கலாம் என்றார் ஹொசோனோ. மேற்கு தங்களைப் பற்றிக் கற்பனை செய்துவைத்திருந்த ஆசியாவை, ஆசியர்களே கையில் எடுத்து, மின்னணு வடிவில் மேற்குக்கே திருப்பி அனுப்பும் துணிச்சல் அது. கிராஃப்ட்வெர்க்குக்கு அப்படியொரு தேவை எழுந்திருக்கவே முடியாது.

மூவரும் அதற்கு முன்பே தேர்ந்த கலைஞர்கள். ராக் இசையை ஜப்பானிய மொழியிலேயே பாட முடியும் என்று நிறுவிய ஹேப்பி எண்ட் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர் ஹொசோனோ. தகாஹாஷி, பிரிட்டன்வரை சென்று வாசித்த சாடிஸ்டிக் மிகா பேண்டின் டிரம்மர். சகாமோட்டோ டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் முறையாக இசை பயின்றவர். ‘பேராசிரியர்’ என்ற பட்டப்பெயரும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. இவர்களோடு, சின்தசைசர் இசையமைப்பாளர் இசாவோ டொமிட்டாவிடம் உதவியாளராக இருந்த ஹிதெக்கி மட்சுதாகே என்ற நிரலாளரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையடையாது.

மட்சுதாகே கையாண்ட கருவி, ரோலண்ட் நிறுவனம் 1977இல் வெளியிட்ட எம்.சி.-8. அதில் இசைக்கட்டைகள் கிடையாது. ஒவ்வொரு சுரத்தின் உயரம், அடுத்த சுரம் வருவதற்கான இடைவெளி, ஒலி நீடிக்கும் நேரம் ஆகியவற்றை எண்களாகத் தட்டிப் பதிய வேண்டும். அந்த எண்களுக்கேற்பப் பெரிய மூக் சின்தசைசர் ஒலிக்கும். சுரங்களின் இடைவெளி எண்களாக இருந்ததால், அவற்றைச் சற்றே கூட்டியும் குறைத்தும் இயந்திரத்தின் நடையில் ஓர் அசைவைக் கொண்டுவர முடிந்தது. அந்த அசைவோடு, காதொலிப்பானில் கேட்கும் இயந்திரத் துடிப்பை விட்டு விலகாமல், தோலும் குச்சியுமாக உண்மையான டிரம்ஸை வாசித்தார் தகாஹாஷி. இயந்திரம் மனிதனைப் போலவும் மனிதன் இயந்திரத்தைப் போலவும் வாசிக்க, இருவரும் நடுவழியில் சந்திக்கும் இடம்தான் இந்தக் குழுவின் ஒலி என்று நான் எண்ணுகிறேன். ‘ரைடீன்’ பாட்டில் குதிரைப் பாய்ச்சலாக ஓடும் தாளத்தைக் கேட்டால் இது விளங்கும்.

1979இல் வந்த ‘சாலிட் ஸ்டேட் சர்வைவர்’ ஜப்பானில் அவர்களை வீட்டுக்கு வீடு அறிந்த பெயராக்கியது. அறிமுகத் தொகுப்பின் ‘கம்ப்யூட்டர் கேம்’ 1980இல் பிரிட்டனின் முதல் இருபது பாடல்களுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு, அமெரிக்கக் கறுப்பின இசைக்கான முதன்மைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘சோல் டிரெய்ன்’ மேடையிலும் அவர்கள் வாசித்தார்கள்.

இத்தனை புகழுக்குப் பிறகு வெற்றிபெற்ற வாய்ப்பாட்டையே திரும்பச் செய்வதுதான் எளிது. 1981இல் அவர்கள் செய்தது நேர்மாறானது. ‘பி.ஜி.எம்.’ தொகுப்பு இருண்டது, மெதுவானது. பின்னாளில் ஹிப்ஹாப்பின் அடித்தளமாகிவிட்ட ரோலண்ட் டி.ஆர்.-808 டிரம் மெஷினை மிகத் தொடக்கத்திலேயே பயன்படுத்திய தொகுப்புகளில் ஒன்று. அதே ஆண்டு வந்த ‘டெக்னோடெலிக்’, தங்களுக்காகத் தனியே உருவாக்கப்பட்ட டிஜிட்டல் சாம்பிளரில் பதிந்த ஒலித்துண்டுகளைத் தாளமாக அடுக்கியது. சாம்பிளிங் எல்லோருக்கும் பழக்கமாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது. அவர்களுடைய பங்களிப்பில் தலையானது இந்த ஓராண்டுதான் என்பேன்.

தாக்கம் எங்கெங்கோ கிளைத்தது. நியூயார்க்கின் ஹிப்ஹாப் முன்னோடி ஆஃப்ரிக்கா பம்பாட்டா ‘ஃபயர்கிராக்கரை’ எடுத்தாண்டார். சகாமோட்டோ இசையமைத்த ‘பிஹைண்ட் த மாஸ்க்’ பாடலை மைக்கேல் ஜாக்சன் தம் சொந்த வரிகளைச் சேர்த்துப் பாடிப் பதிந்தார். அந்தப் பதிவு அவர் மறைந்த பின் 2010இல்தான் வெளிவந்தது. பிரிட்டிஷ் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனும் அதைப் பாடியிருக்கிறார். நாம்கோ நிறுவனத்தின் வீடியோ கேம் இசையை 1984இல் தனித் தொகுப்பாகவே தயாரித்து வெளியிட்டவர் ஹொசோனோ. விளையாட்டு இசையை உட்கார்ந்து கேட்கத்தக்க இசையாக மதித்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

1983இன் இறுதியில் குழு கலைந்தது. 1993இலும், பின்னர் 2007 முதலும் மூவரும் மீண்டும் இணைந்து வாசித்தார்கள். 2023 ஜனவரியில் தகாஹாஷியும், அதே ஆண்டு மார்ச்சில் சகாமோட்டோவும் மறைந்தார்கள்.

கேட்கத் தொடங்க ‘சாலிட் ஸ்டேட் சர்வைவர்’ போதும்; அதன் மெட்டுகள் உடனே பிடித்துக்கொள்ளும். அடுத்து நேராக ‘டெக்னோடெலிக்’ தொகுப்புக்குச் செல்லுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள்தான் என்பதை நம்புவது கடினம். அதன்பின் ‘பி.ஜி.எம்.’ தொகுப்பைப் பொறுமையாகக் கேளுங்கள். ஹொசோனோவின் இந்தியப் பயணத்தில் கருக்கொண்டு, குழுவின் முதல் தொகுப்புக்குச் சற்று முன் 1978இல் வந்த ‘கொச்சின் மூன்’ தனித் தொகுப்பையும் விட்டுவிட வேண்டாம். சகாமோட்டோவும் மட்சுதாகேவும் அதில் பங்கேற்றிருக்கிறார்கள். மதராஸின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய ஓர் இசையும் அதில் இருக்கிறது.