விடாத வாந்தி, சுடுதண்ணீர்க் குளிப்பு, கஞ்சா

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன், டொக்டர். என் தம்பிக்கு 23 வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு 17 வயதில் கொழும்புக்குத் துணிக்கடை வேலைக்குப் போனவன், அங்கே கஞ்சா பழகிவிட்டான். முதலில் இரவில் ஒரு பீடிதான். இப்போது நாளுக்கு ஐந்தாறு. கடை வேலை போய்விட்டது. ஊரில் மாமாவின் ஆட்டோவை ஓட்டுகிறான், ஓட்டும்போதும் அடிக்கிறான். உயிராக இருந்த வொலிபோல் பக்கமே போவதில்லை. சில மாதங்களாக இடைக்கிடை விடியற்காலையில் வாந்தி தொடங்கினால் இரண்டு மூன்று நாள் நிற்காது. சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் குறைகிறதாம். திரும்பத் திரும்பக் குளிக்கிறான். அம்மா சுமந்து வரும் விறகெல்லாம் அதற்கே போகிறது. கெமரா விட்டுப் பார்த்தும் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார் அம்மா. தைப்பொங்கலோடு விடுவதாகச் சத்தியம் செய்தான். ஐந்து நாள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வேர்த்துக் கொட்டியது. கடைசியில் போனைச் சுவரில் அடித்து உடைத்தான். பயந்துபோய் அம்மாவே காசு கொடுத்துவிட்டார். “இது மூலிகை, இதுக்கெல்லாம் அடிமையாக முடியாது” என்கிறான். இது நோயா? மாத்திரை இருக்கிறதா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸில் பிடித்துக் கொடுப்பார்களா? பலவந்தமாக எங்காவது கொண்டுபோய் விடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் வாந்தியைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டியது அதுதான்.

பல காலம், அநேகமாகத் தினமும் கஞ்சா புகைப்பவர்களில் சிலருக்கு விட்டு விட்டு வரும் கடும் வாந்தி நோய் ஒன்று உண்டு. அவுஸ்திரேலிய மருத்துவர்கள் 2004இல் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். காலையில் குமட்டல், வயிற்றுவலி, நிற்காத வாந்தி, இடையில் சில வாரங்கள் எதுவுமே இல்லாத நிம்மதி என்று சுழன்று வரும். சுடுதண்ணீரில் நின்றால் சுகம் கிடைப்பது இதன் முக்கியமான அடையாளம். கெமராவில் ஒன்றும் தெரியாததும் இதற்குப் பொருந்துகிறது. தம்பி நடிக்கவில்லை. அவன் கண்டுபிடித்த கைவைத்தியம் உண்மையிலேயே அவனுக்கு வேலை செய்கிறது.

புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியை நிறுத்தக் கஞ்சாவின் போதைப்பொருளை ஒத்த மருந்துகளைச் சில நாடுகளில் கொடுக்கிறார்கள். அதனால் கஞ்சாவே வாந்தியைக் கிளப்பும் என்றால் பலர் நம்புவதில்லை. குமட்டும்போது தம்பி இன்னொரு பீடியைப் பற்றவைத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வருடக்கணக்கில் தினமும் உள்ளே போகும்போது, உடம்பில் குமட்டலை அடக்கும் ஏற்பாடே தலைகீழாகிவிடுகிறது என்று கருதுகிறார்கள். நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் வாந்தி மருந்துகள் இதில் பெரும்பாலும் பலிப்பதில்லை. வைத்தியசாலையில் வேறு சில மருந்துகள் இருக்கின்றன. மிளகாயின் காரத்திலிருந்து எடுக்கும் ஒரு கிரீமை வயிற்றில் பூசினாலும் சிலருக்குக் கேட்கும். அதற்காக வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள், தோல் வெந்துவிடும். நிரந்தரமான வைத்தியம் ஒன்றுதான்: கஞ்சாவை முழுதாக நிறுத்துவது. அளவைக் குறைத்தால் போதாது. நிறுத்தியபின் வாந்தி ஓய்வதற்குச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். திரும்பத் தொடங்கினால் வாந்தியும் திரும்பிவிடும்.

இதைக் கடிதத்தை வைத்து மட்டும் நான் முடிவு செய்ய முடியாது. நீரிழிவு, கணையம், பித்தப்பைக் கல், குடல் அடைப்பு ஆகியவற்றாலும் வாந்தி வரும், அவற்றையும் பார்க்க வேண்டும். அடுத்த முறை வாந்தி தொடங்கினால், தண்ணீர்கூடத் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்தால் அல்லது நிறம் கடுத்தால், தலை சுற்றினால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாந்தியோடு கொதிக்கும் தண்ணீரில் குளித்து வேர்க்கும்போது உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் பழுதாகும் அபாயம் உண்டு. சேலைன் ஏற்ற வேண்டிவரும். அங்கே கஞ்சா விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இதுவரை பார்த்த யாரிடமும் நீங்கள் அதைச் சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன். அவர்களும் கேட்டிருக்கமாட்டார்கள்.

வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில், பக்கத்தில் பத்துப்பேர் நிற்க, “கஞ்சா அடிப்பியா?” என்று கேட்டால் எந்தப் பிள்ளை ஆம் என்று சொல்லும்? நான் அம்மாவையும் அக்காவையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வெற்றிலை, சிகரட், பீடி, சாராயம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவேன். அதே குரலில் கஞ்சாவையும் கேட்பேன். பதில் சாதாரணமாக வந்துவிடும். பிறகு எத்தனை, எப்போதிலிருந்து, விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி, எதற்காக என்று கேட்பேன். தூக்கம் வராது, தனியாக இருக்க முடியாது, கடையில் 12 மணித்தியாலம் நின்ற கால்வலி, மேலாளர் பேசிய பேச்சு என்று அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் வைத்தியத்துக்கான வழி இருக்கும். கொழும்பு மெயின் வீதிக் கடைகளுக்குப் போய்த் திரும்பிவரும் எங்கள் பிள்ளைகள் இதையே வேறு வேறு சொற்களில் சொல்கிறார்கள்.

இது நோயா என்று கேட்டிருந்தீர்கள். புகைப்பவர் எல்லோரும் நோயாளி அல்ல. 12 மாதத்துக்குள் தெரியும் 11 அடையாளங்களை வைத்து நாங்கள் தீர்மானிக்கிறோம். இரண்டு இருந்தாலே நோய், ஆறு இருந்தால் கடுமையான நிலை. உங்கள் கடிதத்தை அந்தக் கண்ணோடு படித்தேன். ஒரு பீடி ஐந்தாறு ஆகியிருக்கிறது. விட முயன்று முடியவில்லை. நிறுத்தியதும் உடம்பும் மனமும் குழம்பின. வேலை போனது. வொலிபோல் போனது. வீட்டில் சண்டை வந்தும் தொடர்கிறான். ஆட்டோவில் ஆட்களை ஏற்றிக்கொண்டே அடிக்கிறான். ஏழு ஆகிவிட்டது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லமாட்டேன், ஆனால் கடுமையான நிலையில்தான் இருக்கிறான் போலத் தெரிகிறது. ஆட்டோவை மட்டும் மாமாவிடம் சொல்லி இன்றே நிறுத்துங்கள். மலைப் பாதையில் கஞ்சாவோடு ஓட்டுபவரின் பின்னால் பள்ளிப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கக் கூடாது.

மூலிகை என்கிறான். புகையிலையும் இலைதான். கஞ்சா சேர்ந்த மதன மோதகத்தை மருந்து என்று சொல்லி விற்பதால், இதெல்லாம் தீங்கில்லாதது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. பயன்படுத்துவோரில் ஏறக்குறைய 10இல் ஒருவரும், பதின்ம வயதிலேயே தொடங்குவோரில் 6இல் ஒருவரும் அதற்கு அடிமையாகிறார்கள் என்பது அமெரிக்க ஆய்வுகளின் மதிப்பீடு. மூளை 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். தம்பி தொடங்கியது 17இல்.

இனி அந்த ஐந்து நாளுக்கு வருகிறேன். நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று மருத்துவர்களே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். நிறுத்தும்போது வரும் தொல்லைகளை ஒரு நோய்நிலையாக அமெரிக்க உளமருத்துவக் கையேடு ஏற்றுக்கொண்டது 2013இல்தான். நிறுத்தி ஓரிரு நாளில் எரிச்சல், கோபம், படபடப்பு, பசியின்மை, வேர்வை, குளிர் நடுக்கம், தலைவலி எல்லாம் தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கக் குறைவும் பயங்கரக் கனவுகளும் மட்டும் ஒரு மாதம் அல்லது அதற்கு மேலும் இழுக்கலாம்.

தம்பி போனை உடைத்த நாளைக் கணக்குப் பாருங்கள். ஐந்தாம் நாள். சரியாக உச்சம். நீங்கள் எல்லோரும் அவன் கெட்டுப்போனதற்கு அத்தாட்சியாகப் பார்த்த கோபம், அவன் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததற்கு அத்தாட்சி. அந்த ஐந்து நாளும் அவன் உண்மையாகவே நிறுத்தியிருந்தான். இன்னும் ஒரு வாரம் தாண்டியிருந்தால் இறங்கத் தொடங்கியிருக்கும் என்று அவனுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு)ப் போய், நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர், இரவில் ஒற்றை லயக் காம்பராவில் தூங்காமல் உலாத்தும் மகனோடு என்ன செய்வார்? அடுத்த முறைக்கு அந்த இரண்டு வாரத்தையும் முன்கூட்டியே திட்டம் போட்டு வையுங்கள். பக்கத்துக் காம்பராவிலோ சித்தப்பா வீட்டிலோ அவன் படுக்க இடம் பார்க்கலாம். இரவில் ஒரு ஆள் மாறி ஒரு ஆள் விழித்திருக்கலாம். அந்த நாட்களில் பழைய கதை, கடன், கல்யாணம் எதையும் எடுக்காதீர்கள். பசிக்காவிட்டாலும் கஞ்சி, பால்தேத்தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காசு கேட்டுக் கத்தினால் கொடுக்கவும் வேண்டாம், பிரசங்கம் செய்யவும் வேண்டாம். “இது ஐந்தாம் நாள், இன்றுதான் கஷ்டம்” என்று சொல்லுங்கள். கை நீட்டினால் மட்டும் எல்லோரும் விலகி, அயலவரை அழையுங்கள்.

சிலர் சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சி வாங்கிவந்து பிள்ளையைச் சோதிக்கிறார்கள். தினமும் புகைத்தவரின் சிறுநீரில், நிறுத்தி ஒரு மாதம் ஆனபிறகும் கஞ்சா தெரியலாம். அது கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறும் பொருள். இரண்டாம் வாரம் குச்சியைக் காட்டி “பொய்யன்” என்று சொன்னால், உண்மையாக நிறுத்தியவன் ஆத்திரத்தில் அன்றே திரும்பப் போய்விடுவான்.

கஞ்சா நோயைத் தீர்ப்பதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்னும் இல்லை. தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் சில நாட்கள் மருந்து கொடுக்கலாம், அதையும் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். பார்மசியில் டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வான். சாராயமோ கசிப்போ அந்த இடத்துக்கு வந்துவிடாமலும் பாருங்கள். உண்மையான வைத்தியம் பேச்சு வைத்தியம்தான். வாரம் ஒரு முறையாகச் சில மாதங்கள், எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் கை பீடிக்குப் போகிறது என்று அவனோடு உட்கார்ந்து பார்த்து, அந்த ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றுவழி பழக்குவது. தம்பி பீடிப் புகையிலையில் கலந்து அடிப்பதால் நிக்கொட்டினும் சேர்ந்து பிடித்திருக்கிறது. கஞ்சாவை நிறுத்திவிட்டுப் பீடியை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பீடியும் மற்றதை நினைவூட்டும். இரண்டையும் சேர்த்து விடுவதே நல்லது.

இதற்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலை போன்ற இடங்களில் மனநல கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேளுங்கள். மனநல வைத்திய அதிகாரியைப் பார்ப்பதால் பைத்தியம் என்று அர்த்தமில்லை, லயத்தில் யார் என்ன சொன்னாலும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். கண்டியில் அவர்களுக்குச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. தோட்டத்து மருந்துகாம்பராவில் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டால் கிளினிக்கில் அலைச்சல் குறையும்.

கஞ்சா வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஆனால் சிகிச்சைக்கு வருபவரைப் பொலிஸில் ஒப்படைப்பது வைத்தியரின் வேலை அல்ல. நோயாளி சொல்வதை இரகசியமாகக் காப்பதே எங்கள் கடமை. தம்பியும் பையில் பொட்டலத்தோடு கிளினிக்குக்கு வரக் கூடாது, அவ்வளவுதான்.

பலவந்தமாக அடைத்து வைக்கும் யோசனையை விடுங்கள். கஞ்சாவை நிறுத்துவதால் உயிராபத்து வருவதில்லை, வீட்டில் இருந்தே நிறுத்தலாம். கட்டி இழுத்துப் போனவர்கள் வெளியே வந்ததும் அதே கூட்டத்தைத் தேடிப்போவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கஞ்சாவோடு தூளோ (ஹெரோயின்) ஐஸோ (மெத்தம்பெட்டமின்) சேர்ந்திருந்தால், அல்லது வாந்தியால் உடம்பு மோசமாகிவிட்டால், உள்ளே தங்கி வைத்தியம் செய்வது வேறு விஷயம். யாரோ பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள். தினமும் கஞ்சா புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குடும்பத்தில் முன்பே அப்படி யாருக்காவது இருந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். செய்வினை என்று நினைத்து இந்த அறிகுறிகளோடு மாதக்கணக்கில் பூசாரியிடம் அலைவதுதான் எனக்குப் பெரும் கவலை. அம்மா மாரியம்மனுக்கு நேர்த்தி வைக்கட்டும், அதில் நான் குறுக்கே நிற்கமாட்டேன். கிளினிக் நாளை மட்டும் தவறவிட வேண்டாம்.

நிறுத்திய முதல் வாரங்களில் மனம் மிகவும் சோர்ந்துபோகலாம். தோட்டத்துக்கு அடிக்கும் களைகொல்லி, பூச்சிமருந்துப் போத்தல்கள் வீட்டில் இருந்தால் இப்போதே அப்புறப்படுத்துங்கள். சாகவேண்டும் என்று ஒரு வார்த்தை பேசினாலும் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

தம்பியிடம் பேச்சைக் கஞ்சாவில் தொடங்காதீர்கள். வாந்தியில் தொடங்குங்கள். அதுதான் அவனுக்கே வேண்டாத ஒன்று. வாந்தி நின்று அவன் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், “சுடுதண்ணீரில் நின்றால் குறைகிற வாந்தி ஒன்று இருக்கிறதாம், அதைப் பற்றிக் கேட்கப் போவோமா?” என்று கேளுங்கள். வருகிறேன் என்றால் அந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். கெமரா பார்த்த துண்டையும் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.