வளவில் ஒரு படம்: வாசகர் கேள்விகள்

கே: தற்கொலை எண்ணத்தோடு வருபவர்களுக்குத் துணைநிற்கும் ஜப்பானிய ஜென் துறவி இட்டெட்சு நெமோட்டோ பற்றிய 'தி டிபார்ச்சர்' ஆவணப்படத்தை, எங்கள் வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) ஐம்பது பேருக்குத் திரையிட ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, தேவகோட்டை

ப: 2017-இல் லானா வில்சன் இயக்கிய படம். ஓடிடி சந்தா வீட்டோடு சரி. பொதுத் திரையிடலுக்கு விநியோகஸ்தரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தமிழ் வசனவரி (சப்டைட்டில்) சேர்ப்பதற்கும் அப்போதே கேளுங்கள். வசனவரிக் கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாக வரும். வளவு திறந்தவெளி, இருட்டியபின்தான் படம் தெரியும். தரையில் உட்காருவோர் தலை வசனவரியை மறைக்கும். திரையின் அடிவிளிம்பு நாலடி உயரத்தில் இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும், ஜமுக்காளம் விரித்தால் அடங்கும்.

இதெல்லாம் சுலபம். படம் முடிந்த அரைமணி நேரம்தான் கஷ்டம். என்ன படம் என்பதை அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் எழுந்து போகிறவரைத் தடுக்காதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் கேட்டு ஓர் ஆலோசகரை வரவழையுங்கள். ஊரில் யார், எப்படி இறந்தார் என்ற பேச்சு எழுந்தால் உடனே நிறுத்துங்கள். பங்காளிகள் நடுவே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமனாஸ் 14416 எண் அச்சிட்ட சீட்டைக் காபியோடு எல்லோருக்கும் கொடுங்கள். மேஜையில் வைத்தால், எடுப்பவரை ஊரே பார்க்கும்!

கே: அந்தப் படத்தில் வரும், பிரியமானவற்றைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாகக் கசக்கிப்போடும் பயிற்சியை நாங்களும் செய்யலாமா?
– வாசகர், காரைக்குடி

ப: கூடாது. நடத்திப் பழகியவர் இல்லாமல் செய்தால், விளிம்பில் இருப்பவருக்கு அது ஒத்திகையாகிவிடும்.

கே: தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சி, "போதும், போய்ச் சேரணும்" என்கிறார். நேரடியாகக் கேட்டால் தூண்டிவிட்டதாகுமோ?
– வாசகி, கானாடுகாத்தான்

ப: ஆகாது. "ஆச்சி, நீங்களா உயிரை விட்டுறணும்னு தோணுதா?" என்றே கேளுங்கள். "பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அங்கேயே பேச்சு அடைபட்டுவிடும். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். எப்படி, எப்போது என்று தீர்மானித்திருந்தால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகளை வீட்டைவிட்டே அகற்றுங்கள், 108-ஐ அழையுங்கள். அதேசமயம் பாரத்தை ஒருவரே சுமக்காதீர்கள். நெமோட்டோவே இதயநோயோடு ஓய்வின்றி ஓடுவதைப் படத்தில் பார்க்கலாம். பௌத்தம் கருணையோடு உபேட்சையையும் (சமநிலை மனத்தையும்) சேர்த்துத்தான் சொல்கிறது. பக்கத்துத் தெருவில் இன்னொருவரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் வழக்கு வருமோ என்று ஆஸ்பத்திரிக்குத் தயங்க வேண்டாம்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது.