சிகரெட்டைத் திடீரென நிறுத்தினால் குழந்தைக்கு ஆபத்தா?

சகோதரி, ஒன்பதாவது வாரத்தில்தான் கர்ப்பம் என்று தெரிந்தது, அதுவரை தினமும் ஐந்தாறு சிகரெட் பிடித்தேன், சட்டென்று நிறுத்தினால் குழந்தைக்கு அதிர்ச்சியாகும் என்று தோழி சொல்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நம்பவே வேண்டாம். இன்றே நிறுத்துங்கள்.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டியது குறைகிறது. அதனால்தான் கடைசிவரை புகைப்பவர்களின் குழந்தைகள் சராசரியாக 200 கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறக்கின்றன. குறைப்பிரசவம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, பிறந்தபின் தூக்கத்தில் திடீர் மரணம், இவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் நான். இருப்பதிலேயே சின்ன டயப்பர்கூட அந்த இடுப்பில் நிற்காது. ஆனால் விரலை நீட்டினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, நடந்ததை நினைத்து அழாதீர்கள். நிறுத்திய ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தை விட்டுப் போய்விடும். முதல் நான்கு மாதங்களுக்குள் விட்டவர்களின் குழந்தைகள் பெரும்பாலும் புகைக்காதவர்களின் குழந்தைகளைப் போலவே எடையோடு பிறக்கின்றன.

ஆசை எழும்போது சில நிமிடங்கள் தாக்குப்பிடித்தால் தணிந்துவிடும். முடியவில்லை என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை எல்லாம் அவர் சொன்னால் மட்டும். மின்சிகரெட்டுக்கு மாறாதீர்கள், பெரும்பாலானவற்றில் நிகோடின் இருக்கிறது. அப்புறம், கணவரும் புகைப்பவர் என்றால் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.