லட்சம் கோடி டாலர் இலக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2030-க்குள் தமிழ்நாட்டை ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரமாக்குவது என்ற இலக்கு எட்டக்கூடியதுதானா?
- வாசகர், திண்டிவனம்

பதில்: மு.க. ஸ்டாலின் அரசு 2021-இல் இந்த இலக்கை அறிவித்தபோது ஒரு டாலரின் மதிப்பு சுமார் 74 ரூபாய். ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. எனவே அன்றைய கணக்கில் மாநிலத்தின் ஆண்டு உற்பத்தி 74 லட்சம் கோடி ரூபாயைத் தொட வேண்டியிருந்தது. 2024-25-இல் டாலர் 84 ரூபாயைத் தாண்டியதால், இலக்கு மாறாமலேயே எட்ட வேண்டிய தொகை பத்து லட்சம் கோடி ரூபாய் கூடிவிட்டது. அந்த ஆண்டில் மாநிலத்தின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 31 லட்சம் கோடி ரூபாய். அதிலிருந்து ஆறே ஆண்டுகளில் 84 லட்சம் கோடியை அடைய, விலைவாசி உயர்வையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம் வளர வேண்டும். விலைவாசி உயர்வைக் கழித்து 11.19 சதவீத வளர்ச்சி பதிவான அந்தச் சிறப்பான ஆண்டில்கூட, விலைவாசி உயர்வையும் சேர்த்த வளர்ச்சி சுமார் 16 சதவீதம்தான். ஆண்டுக்கு 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், டாலர் 84 ரூபாயிலேயே நின்றிருந்தாலும், 2032-33 வாக்கில்தான் அந்த எல்லையைத் தொடலாம். மாநில அரசின் கையில் இல்லாத நாணய மதிப்பைக் கொண்டு மாநிலத்தின் இலக்கை அளப்பது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: இதற்கு முன்பும் இப்படி இலக்குகள் அறிவிக்கப்பட்டனவே?
- வாசகர், மதுரை

பதில்: ஆம். 2012 மார்ச்சில் ஜெயலலிதா வெளியிட்ட ‘தொலைநோக்குத் திட்டம் 2023’, தனிநபர் வருமானத்தை 10,000 டாலராக உயர்த்துவதாகக் கூறியது. 2023-24-இல் அது சுமார் 3 லட்சம் ரூபாய். அதாவது 4,000 டாலருக்கும் குறைவு.

கேள்வி: எங்கள் மாவட்டத்துக்கு இந்த டிரில்லியனால் என்ன கிடைக்கும்?
- வாசகி, பெரம்பலூர்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தனிநபர் வருமானத்தில் செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் முன்வரிசையில் நிற்க, பெரம்பலூர், அரியலூர், விழுப்புரம் போன்ற மாவட்டங்கள் வெகுதூரம் பின்தங்கியுள்ளன. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மேலும் ஆலைகள் எழுந்தால் மாநிலத்தின் மொத்தக் கணக்கு உயரும். உங்கள் ஊரின் கணக்கு அப்படியே இருக்கும். ஆனால் உங்கள் மாவட்டத்தின் எறையூர் சிப்காட் தொழிற்பேட்டையில் 2023-இல் தொடங்கிய காலணி ஆலை போன்றவை வேறு வகையான மாற்றத்தைக் கொண்டுவரக்கூடியவை. வயல் வேலையை மட்டுமே நம்பியிருந்த வீட்டுப் பெண் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய், மாதச் சம்பளமும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. வசதியும் பெறும்போது, அந்தக் குடும்பம் கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டிய தேவை குறைகிறது. பெண்பிள்ளையின் படிப்பும் பாதியில் நிற்பதில்லை. இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருப்பது நமக்குப் பெரும் பலம். அவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தக் கூலிகளாக இல்லாமல் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாவட்டவாரியான உற்பத்தியையும் தனிநபர் வருமானத்தையும் அரசின் புள்ளியியல் துறை கணக்கிடுகிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ரூபாயில் ஓர் இலக்கை வைத்து, ஆண்டுதோறும் பட்ஜெட்டோடு அதன் நிலையைச் சட்டமன்றத்தில் வைக்கும்படி உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.