வாசகர் கேள்வி: புல்தரையும் கால்பந்தும்

கேள்வி: விம்பிள்டன் என்றால் டென்னிஸ்தானே? அங்கே கால்பந்து கிளப்பும் உண்டு என்கிறான் என் மகன். சொல்லுங்களேன். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: உண்டு, அம்மா. எனக்கு டென்னிஸைவிட அந்தக் கிளப்தான் உயிர். 1889இல் லண்டனின் அந்தப் புறநகரில் பிறந்தது. 1977இல்தான் இங்கிலாந்தின் தொழில்முறைப் போட்டியான கால்பந்து லீக்கில் இடம் கிடைத்தது. ஒன்பதே வருடத்தில், அப்போது உச்சப் பிரிவாக இருந்த முதல் டிவிஷன்!

1988இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாக்அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையின் இறுதியாட்டம், எதிரே அசைக்க முடியாத லிவர்பூல். விம்பிள்டன் ஆட்டக்காரர் டென்னிஸ் வைஸ் (பெயர்தான் டென்னிஸ்!) அடித்த ஃப்ரீ கிக்கை சக ஆட்டக்காரர் லாரி சான்செஸ் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். அப்புறம் லிவர்பூலுக்கு ஒரு பெனால்டி. ஜான் ஆல்ட்ரிட்ஜ் உதைக்க, விம்பிள்டன் கேப்டனும் கோல்கீப்பருமான டேவ் பெசன்ட் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். லண்டனின் வெம்பிளி மைதானத்தில் எஃப்ஏ கோப்பை இறுதியில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. 1-0, கோப்பை விம்பிள்டனுக்கு.

2002இல் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு மாற்ற அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஊர்ப்பெயர் தாங்கிய கிளப்பை ஊரைவிட்டே பெயர்த்தது அநியாயம். இன்றும் மனசு ஆறவில்லை. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கி, பொதுத்திடலில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆட்டக்காரர் தேர்வு நடத்தினார்கள். கீழ்மட்டத்து வட்டாரப் போட்டியான கவுண்டி லீக்கில் ஆரம்பித்து, 2011இல் மறுபடி கால்பந்து லீக்குக்குள் நுழைந்தார்கள். 2020 நவம்பரில் பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே, அதே பிளவ் லேன் தெருவில், சொந்த மைதானமும் வந்துவிட்டது.