ஸ்ப்ரூஸ் விதை வேண்டாம், சவுக்கு விதை போடுங்கள்

கேள்வி: ஐயா, கல்லிடைக்குறிச்சி பக்கம் நெல் விவசாயம் செய்கிறேன். வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் தோட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் இருக்கும் மகள், அங்கே கிறிஸ்துமஸ் மரமாக வைக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தின் விதையைக் கொண்டு வருகிறேன் என்கிறாள். விதை போட்டு வளர்க்க முடியுமா? நிழல்வலை போட்டால் தாங்குமா?

பதில்: அண்ணாச்சி, முளைக்க வைக்கலாம், மரமாக்க முடியாது. மகள் ஆசையாகக் கேட்கிறாள் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ப்ரூஸ் பனிக்காட்டு மரம். நம் நாட்டிலும் இமயமலையில் சுமார் 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல்தான் தானாக வளர்கிறது. அதன் விதையை ஈர மணலோடு கலந்து மூன்று, நான்கு வாரம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்து விதைத்தால் முளைக்கும். ஆனால் முதல் வருடம் முழுக்க ஒரு விரல் உயரம் வருவதே பெரிது. அதற்குள் நம் ஊர் சித்திரை, வைகாசி வந்துவிடும். நிழல்வலை வெயிலைத்தான் குறைக்கும், இரவுப் புழுக்கத்தைக் குறைக்காது. கோடையில் பல இரவுகள் நமக்கு 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பகலில் சேர்த்த உணவை அந்தச் செடி இரவில் செலவழித்தே மெலிந்துபோகும். குளிர்காலத் தூக்கம் கிடைக்காமல் மொட்டும் சரியாக விரியாது. கூடவே நாற்றழுகல் வேறு.

இன்னொன்று, 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் நோயற்ற சான்றும் வேண்டும். பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். புது நோய் ஒன்று வந்தால் நம் வயலுக்குத்தான் கேடு.

சரி, அந்த ஊசி இலை அழகுதானே வேண்டும்? பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளையை நட்டு ஜோடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சவுக்கு வேறு இனம், ஆனாலும் நம் வெயிலும் மண்ணும் அதற்குப் பழக்கம்.

பழுப்பேறத் தொடங்கிய, இன்னும் வாய் திறக்காத காய்களைப் பறித்து, துணிமேல் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். விதை தானே உதிரும். ஒரு கிராமிலேயே பல நூறு விதை இருக்கும். நாள்பட்டால் முளைப்பு குறையும், அதனால் உடனே போடுங்கள்.

எறும்புதான் பெரிய எதிரி. முதல் தடவை நான் மாலையில் விதைத்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால், பாத்தியில் ஒரு விதை இல்லை. எறும்பு வரிசையாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அன்றிலிருந்து தட்டில்தான் விதைக்கிறேன். தட்டை ஸ்டூல்மேல் வைத்து, நான்கு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், பலகாரப் பானைக்கு வைப்போமே, அதே மாதிரி.

ஆற்று மணலும் சலித்த செம்மண்ணும் சமமாகக் கலந்து, விதையைத் தூவி, அது மறையும் அளவுக்கு மட்டும் மணல் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். தண்ணீர் தேங்கவே கூடாது. அரை சாண் வளர்ந்ததும் பைக்கு மாற்றுங்கள். வளர்ந்த சவுக்கின் அடிமண்ணில் ஒரு பிடி எடுத்துப் பை மண்ணில் கலந்தால், வேரில் முடிச்சு கட்டும் ஃப்ராங்கியா நுண்ணுயிர் கிடைக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை அதுவே பிடித்துக் கொடுக்கும், யூரியா தேவைப்படாது.

தை, மாசியில் விதைத்தால் ஐப்பசி மழையோடு நடலாம். வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி நடுங்கள். வேகமாக உயரும், காற்றுக்கு ஆடும். அப்புறம், ஒரு நாற்றைப் பெரிய தொட்டியில் வைத்துப் பக்கக் கிளைகளின் நுனியைக் கிள்ளி வாருங்கள். கூம்பு வடிவம் வந்த வருடம், டிசம்பரில் மகள் வரும்போது தொட்டியோடு வீட்டுக்குள் தூக்கி வைக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் உள்ளே வைக்க வேண்டாம், அது வெயில் மரம்.