பிரெட்போர்டுல பெரிய கரண்ட் ஓட்டலாமா? கேட்டவங்களுக்கு பதில்

கொழிஞ்சாம்பாறை தம்பி: அண்ணா, தென்னைக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரோட 12 வோல்ட் பம்ப்ப மாஸ்ஃபெட் (கரண்ட்ட ஸ்விட்ச் மாதிரி திறந்து மூடற சின்ன பார்ட்டு) வெச்சு ஸ்பீடு கன்ட்ரோல் பண்றேனுங்க. பிரெட்போர்டுல (சால்டர் பண்ணாம ஓட்டைல குத்தி சர்க்யூட் போடற பலகை) போட்டேன், கொஞ்ச நேரத்துல பிளாஸ்டிக் கருகுற வாசம். ஆனா மாஸ்ஃபெட் சூடாகவே இல்லீங்ணா?

மாஸ்ஃபெட் மேல தப்பில்ல தம்பி, சூடாகறது ஓட்டைக்குள்ள இருக்கற கிளிப்பு. அந்த ஸ்பிரிங் தகடு கம்பிய ஒரு ஓரமாத்தான் தொட்டுட்டு நிக்குது, நல்ல போர்டுக்கே 1 ஆம்பியர் வாக்குலதான் கணக்கு. பம்ப் 3 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்க, கான்டாக்ட்ல 0.1 ஓம் இருந்தாலே 0.9 வாட் சூடு அந்த ஒத்த ஓட்டைக்குள்ள, சூடுல ஸ்பிரிங் தளரும், தளர்ந்தா ரெசிஸ்டன்ஸ் ஏறும், மறுபடி சூடு, இப்படியே போயி கடைசில பிளாஸ்டிக் இளகும். மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப கரண்ட் இன்னும் பல மடங்கு, அத மறந்துராத.

வேலந்தாவளம்: நாலு ஓட்டைல பேரலலா ஒயர் குத்துனா தாங்குமாங்க?

கரண்ட் சமமா பிரியாதுங்க, எது இறுக்கமா இருக்கோ அதுலதான் ஜாஸ்தி போகும். வேண்டாம்.

கோபாலபுரம்: விசேஷத்துக்கு 5 மீட்டர் எல்ஈடி ஸ்ட்ரிப், மீட்டருக்கு 14.4 வாட்டுன்னு போட்டிருக்கு. பிரெட்போர்டு வழியா குடுக்கலாங்களா?

அப்ப 72 வாட், 12 வோல்ட்டுல 6 ஆம்பியர். சப்ளைல இருந்து ஸ்க்ரூ டெர்மினல் வழியா தடிச்ச ஒயர்ல நேரா ஸ்ட்ரிப்புக்கு குடுங்க, மாஸ்ஃபெட்டையும் அந்தப் பக்கமே சால்டர் பண்ணிருங்க. பிரெட்போர்டுல இருந்து மாஸ்ஃபெட்ட ஆன் ஆஃப் பண்ற கேட் சிக்னலும் கிரவுண்டும் மட்டும் போனாப் போதும்.

மீனாட்சிபுரம்: தோட்டத்துல 1 எச்பி மோட்டார் 230 வோல்ட், ரிலேவ (சின்ன கரண்ட்டுல பெரிய கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச்) பிரெட்போர்டுல குத்தி ஓட்டலாங்களா?

கூடவே கூடாதுங்க. ஓட்டைக்கு ஓட்டை 2.54 மில்லிமீட்டர்தான், அது கரண்ட் லைனுக்கு செஞ்ச சாமானே இல்ல, ஈரக் கை பட்டா ஆளையே தூக்கிரும். அதுமில்லாம சின்ன நீல ரிலேல 10 ஆம்பியர்னு எழுதியிருந்தாலும் மோட்டார் ஸ்டார்ட்டிங் கரண்ட்டுக்கு பாயிண்ட் ஒட்டிக்கும், அப்பறம் ஆஃப் ஆகாது. ரிலே, கான்டாக்டரோட (மோட்டார் மாதிரி பெரிய லோடுக்குன்னு உள்ள பெரிய ரிலே) காயில மட்டும் ஓட்டட்டும், மோட்டார கான்டாக்டர் ஓட்டட்டும். 230 பக்கத்து ஒயரிங்க எலக்ட்ரீசியன் கிட்ட விட்ருங்க.

கொழிஞ்சாம்பாறை தம்பி மறுபடி: அப்ப பிரெட்போர்ட தூக்கி போட்ரட்டுங்களா?

எதுக்கு? 5 வோல்ட் கன்ட்ரோலர், சென்சார், சிக்னல பெருக்கற ஆப்ஆம்ப் எல்லாத்துக்கும் அதவிட சவுகரியம் எது? பவர் பக்கத்த மட்டும் பொள்ளாச்சிலயோ பாலக்காட்டுலயோ ஒரு பெர்ஃப்போர்டு (சால்டர் பண்றதுக்குன்னு ஓட்டை போட்ட பலகை) வாங்கி, காப்பர் கம்பிய ஓட்டி மேல தடிமனா ஈயம் வெச்சு சால்டர் பண்ணு. பம்ப்போட ரெண்டு முனைக்கும் குறுக்கால ஒரு 1N5822 டயோடு (கரண்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடற பார்ட்டு) போடு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு, மாத்திப் போட்டா ஷார்ட்டு. இல்லாட்டி ஆஃப் ஆகறப்ப வர்ற ஸ்பைக்ல மாஸ்ஃபெட் போயிரும். அந்த டயோடு கால் பிரெட்போர்டு ஓட்டைக்குள்ள போகவே அடம் பிடிக்கும், அமுக்கித் திணிக்காத.